கங்காணியின் கண்: கைபேசி மேலாண்மை குறித்துச் சில குறிப்புகள்

1

'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது.' செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்துபோன தம்பி ஒருவரின் கைபேசியைத் தொட்டவுடன் பூட்டுத்திரையில் இந்தப் பொருள்பட ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் வரும். கைபேசியை வாங்கியவர் அவர்தான். பத்து மாதத் தவணை. கடைசித் தவணை கட்டின ரசீதுகூட வைத்திருந்தார். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வாராவாரம் வசூலிக்கும் ஒரு நிறுவனத்தில் அவர் வசூல்காரர். வேலையில் சேர்ந்த அன்று, 'கம்பெனி ஆப் போடணும், போனைக் குடுங்க' என்று வாங்கி, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, ஒரு கட்டக்குறியைக் காட்டிப் படம் பிடிக்கவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வாக்கியம்.

இரண்டு வருஷம் கழித்து, வேலையை விடுவதாகத் தகவல் அனுப்பிய அன்று மாலையே கைபேசி தானாக அணைந்து, கடையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. 'கையிலதாண்ணே வச்சிருந்தேன். பாத்துக்கிட்டே இருக்கேன், துடைச்சு விட்ட மாதிரி போயிருச்சு' என்றார். போனவற்றில் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கான தலைக்கட்டு வரிக் கணக்கும் ஒன்று. 180 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய். நோட்டுப் போட்டு எழுதும் பழக்கம் பழைய தலைமுறையோடு போய்விட்டதால் எல்லாவற்றையும் போனிலேயே ஏற்றி வைத்திருந்தார். வங்கிக் கணக்குக்கு அனுப்பியவர்களின் பணத்துக்கு வங்கியில் சாட்சி இருந்தது. கையில் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு இல்லை. யார் கையில் கொடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கிழவிகள், கூலிக்குப் போகிறவர்கள், வங்கிக் கணக்கு இருந்தும் அதில் பணம் தங்காதவர்கள். கடைசியில் அவர் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. பாதிப் பேர் நம்பினார்கள்.

இதை ஒரு தனிமனித சோகமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. முதலில் அந்த வாக்கியத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறது நம் இலக்கணம். 'என் கை' தற்கிழமை, பிரிக்க முடியாதது. 'என் வீடு' பிறிதின்கிழமை, பிரியக்கூடியது. 'கைபேசி' என்ற சொல்லிலேயே கை இருக்கிறது. கணக்கு, படம், குரல், முகவரி, கடவுச்சொல், கடன், காதல் எல்லாம் அதற்குள் போய்விட்ட பிறகு அது எந்தக் கிழமை? பயன்படுத்துகிறவனுக்கு அது தற்கிழமையாக மாறிக்கொண்டிருக்கிற அதே காலத்தில்தான், நிர்வாகம் அதைப் பிறிதின்கிழமையாகக் கையாளும் திறனைப் பெற்றிருக்கிறது. 'உங்கள் நிறுவனம்' என்பதிலுள்ள 'உங்கள்' இன்னும் மோசமான வேலையைச் செய்கிறது. நிறுவனம் உங்களுடையதாம்; சாதனம் மட்டும் நிறுவனத்துடையதாம். கொடுத்தவனையே பெற்றவனாக்கும் இந்த மாற்று, அதிகாரச் சொல்லாடலின் மிகப் பழைய உத்தி.

2

தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது நம் பக்கங்களில் ஒரு சோம்பல் உண்டு. 'கார்ப்பரேட் கண்காணிப்பு' என்று ஒரு சொல்லை வீசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எப்படி நடக்கிறது என்று கேட்பதில்லை. எனவே கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

மொபைல் சாதன மேலாண்மை, சுருக்கமாக எம்டிஎம் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. எங்கோ இருக்கும் ஒரு வழங்கி. கைபேசிக்குள் குடியேறும் ஒரு முகவர்ச் செயலி. இரண்டுக்கும் நடுவில், தூங்கும் கைபேசியைத் தட்டி எழுப்பும் கூகுள் அல்லது ஆப்பிளின் அறிவிப்புச் சேவை. தட்டி எழுப்பப்பட்ட கைபேசி வழங்கியிடம் போய், 'எனக்கு ஏதாவது உத்தரவு உண்டா?' என்று கேட்கிறது. பூட்டு, அழி, இந்தச் செயலியைப் போடு, அந்தச் செயலியை எடு, கேமராவை மூடு, நிற்கும் இடத்தைச் சொல். உத்தரவை நிறைவேற்றிவிட்டு, நிறைவேற்றியதாகத் தகவலும் சொல்கிறது. ஒரே ஒரு செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி கைபேசியைக் கட்டிப்போடவும் முடியும். ஆயிரம் கைபேசிகளுக்கு ஒரே நேரத்தில் இதைச் செய்ய ஒரு ஆள் போதும்.

ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, 2014இல் ஆண்ட்ராய்டு 5 பதிப்போடு வந்த பணிப் பிரிவு. கைபேசிக்குள் வேலைக்கென்று ஒரு தனி அறை. அதிலுள்ள செயலிகளின் மீது சின்னதாக ஒரு பெட்டிச் சின்னம். நிறுவனம் அந்த அறையை மட்டுமே நிர்வகிக்கலாம், அதை மட்டுமே அழிக்கலாம். சொந்தப் பகுதிக்குள் இருக்கும் படத்தையோ கணக்கையோ அது எட்டிப்பார்க்க முடியாது. மற்றது முழு மேலாண்மை. கைபேசியைத் துடைத்து, முதல் திரையிலேயே கட்டக்குறியைக் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும். அப்படிப் பதிந்த முகவர்ச் செயலிக்கு ஆண்ட்ராய்டின் தொழில்நுட்ப ஆவணங்கள் வைத்திருக்கும் பெயர் 'சாதன உரிமையாளர்'. ஒரு மென்பொருளுக்கு 'உரிமையாளர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது வெறும் கலைச்சொல் சங்கதி அல்ல.

முதல் பாதை ஊழியரின் சொந்தக் கைபேசிக்கு. இரண்டாவது, நிறுவனமே வாங்கிக் கொடுத்த கைபேசிக்கு. வடிவமைத்தவர்களின் எண்ணம் இதுதான். நம் தம்பியின் சொந்தக் கைபேசிக்கு இரண்டாவதைச் செய்திருக்கிறார்கள். கைபேசி வாங்கும் செலவும் மிச்சம், முழு அதிகாரமும் மிச்சமில்லாமல் கைக்கு வந்தது. ஆக, தொழில்நுட்பமே தீயது என்ற முடிவுக்கு ஓட வேண்டியதில்லை. கூடவே ஒரு சுவரும் இருந்தது. அதை எழுப்பாமல் விட்டது ஒரு முடிவு. அந்த முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள்.

இதன் வரலாற்றில் ஒரு வர்க்க இறக்கமும் உண்டு. 1999இல் வந்த பிளாக்பெரி மின்னஞ்சல் கருவியும் அதன் நிறுவன வழங்கியும் மேலதிகாரிகளுக்கானவை. டாக்சியில் மறந்து வைத்துவிட்ட கருவியிலிருந்து வியாபார ரகசியம் கசிந்துவிடக் கூடாதே என்பதுதான் கவலை. 2010இல் ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் இந்த வசதிகளைப் பொதுவான கைபேசிகளுக்குள் கொண்டுவந்தன. அதன் பிறகு அது கீழே கீழே இறங்கிப் பொருள் கொண்டுவரும் பையன், வசூல்காரர், கிராமச் சுகாதார ஊழியர் வரை வந்து சேர்ந்தது. மேலதிகாரியிடம் இருந்தபோது அது அவர் வைத்திருந்த ரகசியத்தைக் காத்தது. கீழே வந்தபோது ரகசியம் வைத்திருப்பதாகச் சந்தேகிக்கப்படும் ஆளைக் காக்கத் தொடங்கியது. இரண்டு வேலைக்கும் சொல் ஒன்றுதான்: பாதுகாப்பு. இதில் நாம் வெறும் நுகர்வோரும் இல்லை. உலகமெங்கும் விற்கும் இத்தகைய மேலாண்மை மென்பொருள்களில் ஒன்று, சோஹோவின் மேனேஜ்என்ஜின் பிரிவிலிருந்து, தமிழ்நாட்டிலேயே எழுதப்படுகிறது.

3

ஃபூக்கோவின் 'ஒழுக்கமும் தண்டனையும்' 1975இல் வந்தது. அதன் வழியாகப் பெந்தாமின் வட்டச் சிறைக் கோபுரம் நம் சிறுபத்திரிகைகளுக்குள் வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கைதி பார்க்கப்படக்கூடியவன், பார்க்கப்படுகிறானா என்று அவனால் உறுதி செய்ய முடியாது, ஆகவே தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறான். நல்ல கருத்தாக்கம்தான். ஆனால் எம்டிஎம்மில் கோபுரம் இல்லை. பெரும்பாலான நேரம் யாரும் பார்ப்பதும் இல்லை. கைபேசியே போய் ஆஜர் கொடுத்துவிட்டு வருகிறது. டெலூஸ் 1990இல் எழுதிய சிறு கட்டுரை இதற்கு இன்னும் நெருக்கமானது. அடைத்து வைக்கும் சமூகம் போய்க் கட்டுப்பாட்டுச் சமூகம் வருகிறது என்றார் அவர். மின் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும் ஒரு நகரத்தை கத்தாரி கற்பனை செய்ததை அதில் குறிப்பிடுகிறார். ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரத்தில் அதே அட்டை மறுக்கப்படலாம். தடுப்புக் கட்டை அங்கே முக்கியமில்லை. யார் எங்கே நிற்கிறார் என்று கணினி அறிந்திருப்பதுதான் முக்கியம்.

நான் இங்கே நின்றுவிட்டால் பாரீசிலிருந்து இரண்டு பெயர்களை இறக்குமதி செய்து மதுரைக்கு ஒட்டிய குற்றத்துக்கு ஆளாவேன். சர்வைலன்ஸ் என்பதற்கு நாம் புழங்கும் சொல் கண்காணிப்பு. அந்தச் சொல்லை யாரும் புதிதாக ஆக்கவில்லை. கோயில் காரியங்களை மேற்பார்ப்பவரைச் சோழர் கல்வெட்டுகள் கண்காணி என்கின்றன. அதே சொல் மருவி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி சமவெளிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணி ஆயிற்று. கண்காணிப்பு என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், தெரிந்தோ தெரியாமலோ, கங்காணியைத்தான் சொல்கிறோம்.

கங்காணி ஆளையும் பார்த்தான், கடனையும் பார்த்தான். வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணித்தான் அவனுக்குத் துரை காசு கொடுத்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கூலிகள் மாற வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன தொகைக் கடனைக் கட்டிவிட்டால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடன் சீட்டும் விடுதலைச் சீட்டும் ஒரே காகிதம். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகட்டோடு கூலி கடல் கடந்தார். வழியில் அவர் யார், யாருக்கு உரியவர் என்பதைத் தகரமே சொல்லிவிடும். பூட்டுத்திரை வாக்கியத்துக்கு இதைவிட நேரடியான முன்னோடி வேண்டுமா?

இதே சமவெளியில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு, பதிவு செய்யப்பட்டவர்கள் மீது இரண்டு கடமைகளைச் சுமத்த வழி செய்தது. குறித்த இடைவெளியில் ஆஜராக வேண்டும். தங்குமிடத்தையும் அதில் வரும் மாற்றத்தையும் ஊரைவிட்டுப் போவதையும் தெரிவிக்க வேண்டும். ரேகைச் சட்டம் என்றுதான் சனங்கள் அதைச் சொன்னார்கள். பயணத்துக்கு ராதாரிச் சீட்டு. விரலை நீட்ட மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீக்கப்பட்டது.

இதையும் அதையும் சமன்படுத்திவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரேகைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. மறுப்பவர் மீது போலீஸ் வந்தது. எம்டிஎம் ஒப்பந்தத்தின் வழி வருகிறது. மறுத்தால் வேலை போகும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் பிணங்கள் இருக்கின்றன. நான் சுட்ட விரும்புவது செயல்முறையின் ஒற்றுமையை மட்டும். இடைவெளி விட்டு ஆஜர், இருக்குமிடம் தெரிவித்தல், அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியல், மீறினால் முடக்கம். எம்டிஎம்மின் கட்டளைப் பட்டியலை விளங்கிக்கொள்ள நமக்கு வட்டச் சிறை தேவையில்லை. தாத்தா காலத்து ஊர்ச்சாவடி போதும். ஒரு வித்தியாசம், அன்று ராத்திரி ஆஜர் கொடுக்க உடம்பு போக வேண்டியிருந்தது. உடம்பு போவதால் அது தன் அவமானத்தை அறிந்திருந்தது. இன்று கைபேசி போய்விட்டு வருகிறது. உடம்பு தூங்குகிறது.

4

உடம்பு விழித்துக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்றும் இருக்கிறது. 2021இல் ஹரியாணாவின் ஆஷா ஊழியர்கள், தங்களுக்கு அரசு கொடுத்த கைபேசிகளில் எம்டிஎம் 360 ஷீல்டு என்ற செயலியைப் போடச் சொன்னதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க முடிகிறது, எங்களுக்குத் தெரியாமல் செயலிகளைப் போடவும் எடுக்கவும் முடிகிறது, எங்கள் அந்தரங்கம் அதில் இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். அதே வருஷம் மராட்டியத்தில் அங்கன்வாடி ஊழியர்கள், கொடுத்த கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே பிரச்சினை மேலாண்மைச் செயலி அல்ல. கருவியின் தரம், 2021 மார்ச் 1 அன்று அறிமுகமான போஷண் டிராக்கர் செயலியின் ஆங்கிலம், அதனால் கூடிய வேலை ஆகியவை. காரணங்கள் வேறு, செய்கை ஒன்று.

இந்தப் பெண்களை அரசு என்ன பெயரில் அழைக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆஷா என்பதன் கடைசி எழுத்து செயற்பாட்டாளர் என்பதற்கானது. 2005இல் திட்டம் தொடங்கியதிலிருந்து அவர்கள் தொண்டர்கள், பெறுவது ஊக்கத்தொகை. அங்கன்வாடியில் இருப்பவர்கள் கௌரவ ஊழியர்கள், பெறுவது மதிப்பூதியம். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சம்பளம் என்று வரும்போது 'நீங்கள் ஊழியர் இல்லை, தொண்டர்' என்கிற நிர்வாகம், கைபேசி என்று வரும்போது ஊழியரைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. தொண்டருக்கு எதற்கு இருப்பிடக் கண்காணிப்பு? ஹரியாணாப் பெண்கள் ஒரு செயலியை மறுத்ததன் மூலம் இந்த முரணை வெளியே இழுத்துப் போட்டார்கள். நம் கோட்பாட்டுக் கட்டுரைகள் பலவற்றைவிட அது கறாரான கட்டவிழ்ப்பு என்பேன்.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். செவிலியர் ஒருவரின் கைபேசியில் ஆயிரம் கர்ப்பிணிகளின் விவரம் இருக்கிறது. அது மாட்டுத்தாவணியில் காணாமல் போகிறது. தூரத்திலிருந்து அதைப் பூட்டவும் அழிக்கவும் முடிந்தால் அந்த ஆயிரம் பெண்களின் மானம் காப்பாற்றப்படும். அப்போது அழிப்பதுதான் அறம். வசூல் நிறுவனத்துக்கும் இதே நியாயம் ஓரளவு பொருந்தும்; கடன் வாங்கிய பெண்களின் ஆதார் எண்ணும் வீட்டுப் படமும் வேலையை விட்டுப் போகிறவரின் கையில் இருக்கக் கூடாது. இதை மறுப்பவன் வெறும் கோஷக்காரன். அழிக்கலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. எதை அழிக்கலாம், யாரைக் கேட்டு அழிக்கலாம், தவறாக அழித்தால் யார் பதில் சொல்வது?

2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2023இல் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஏழாம் பிரிவு, ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாளக்கூடிய தருணங்களைப் பட்டியலிடுகிறது. அதில் ஒன்று, வேலைவாய்ப்பின் நோக்கங்களும், வேலை கொடுப்பவரை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பது தொடர்பானவையும். வேலை கொடுப்பவருக்கு இழப்பு நேரலாம் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. வேலை செய்கிறவரின் தலைக்கட்டுக் கணக்கு இழப்பாகும் என்பது அந்த வரிக்குள் வரவில்லை.

5

எம்டிஎம் இப்போது அலுவலகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. தவணையில் விற்ற கைபேசியைத் தவணை தவறினால் தூரத்திலிருந்து பூட்டும் முறை இதே தொழில்நுட்பத்தின் பிள்ளை. கடன் கொடுப்பவர்கள் இப்படிப் பூட்டுவதை 2024இல் ரிசர்வ் வங்கி நிறுத்தச் சொன்னதாகவும், 2025இல் நிபந்தனைகளோடு அனுமதிப்பதைப் பரிசீலிப்பதாகவும் செய்திகள் வந்தன. பழைய கடன்காரன் வீட்டு வாசலில் நின்று கத்தினான், அண்டா குண்டானைத் தூக்கினான், கதவைக் கழற்றினான். ஊர் பார்த்தது, சிலர் தட்டியும் கேட்டார்கள். அவனுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. பூட்டப்பட்ட கைபேசி பண்டத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. கையிலேயே விட்டுவிட்டுச் சாக வைக்கிறது. சத்தமில்லை, கேட்க ஊரும் இல்லை. கூலி வேலைக்கான அழைப்பும், குழந்தைக்கு ஜுரம் என்ற அழைப்பும், தவணைக்கான பணம் வர வேண்டிய வழியும் அந்தக் கைபேசிதான். கங்காணி ஆளையும் கடனையும் ஒருசேரப் பிடித்திருந்தான் என்றேன். நூறு வருஷம் கழித்து அந்த இரண்டு பிடிகளும் மறுபடி ஒரே கருவியில் வந்து சேர்கின்றன. அந்தத் தம்பியின் கைபேசி தவணையில் வாங்கியது, வேலைக்காகப் பதியப்பட்டது. துண்டும் தகரச் சீட்டும் ஒன்றாக.

என்ன செய்யலாம் என்று கேட்கும் நண்பர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய திட்டம் எதுவுமில்லை. சில எளிய கோரிக்கைகள் உண்டு. நிறுவனத்துக்கு முழு அதிகாரம் வேண்டுமென்றால் நிறுவனமே கைபேசி வாங்கித் தரட்டும். சொந்தக் கைபேசி என்றால் பணிப் பிரிவுக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது. என்னென்ன பார்க்கப்படும், என்னென்ன அழிக்கப்படும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். அழிப்பதற்கு முன்னால் ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வோடு இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஹரியாணாப் பெண்கள் சேர்த்தார்கள். மதுரையில் கட்டுமானத் தொழிலாளிக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் சங்கம் கட்டிய அனுபவம் உள்ள தோழர்களிடம் இதைச் சொன்னபோது, 'போன்ல என்ன தோழர் இருக்கு' என்றார்கள். என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருந்தது.

தம்பியை மறுபடி பார்த்தேன். இப்போது வேறு வேலை, வேறு கைபேசி. அந்தப் பழையதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டாராம். இந்த வருஷத் தலைக்கட்டு வரியை வசூலிக்க ஊரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். 'எம்மேல சந்தேகம்னு யாரும் சொல்லலண்ணே. ஆனா நோட்டை எங்கிட்டக் குடுக்கல' என்றார். சூடம் அணைத்த உள்ளங்கையைக் காட்டினார். தழும்பு எதுவும் இல்லை. அந்த நிறுவனத்தின் வழங்கியில், அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கைபேசி கட்டளையை நிறைவேற்றிவிட்டது என்ற பதிவு மட்டும் எங்காவது இருக்கும். ரொக்கமாகக் கொடுத்த கிழவிகளின் பெயர்கள் எங்கும் இல்லை.